டீச்சரின் லைஃப் ஜாக்கெட்

எங்கள் பாய்ப்படகு முகாமின் கொட்டகைக் கதவைத் திறந்ததும் வலது கைப்பக்கம் ஒரு லைஃப் ஜாக்கெட் தனி ஆணியில் தொங்கும். மற்ற ஜாக்கெட்டுகள் எல்லாம் ஒரு நீளக் கயிற்றில் வரிசையாகக் கிடக்க, இதற்கு மட்டும் தனி மரியாதை. ஆரஞ்சு நிறம் என்பது பேருக்குத்தான். வெயிலும் உப்பும் தின்றதில் அது பழுத்த பப்பாளித் தோலின் நிறத்துக்கு எப்போதோ வந்துவிட்டது. முதுகுப்பக்கம் கறுப்பு மார்க்கரில் 'டீச்சர்' என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் போட்டால் தொளதொளவென்று இருக்கும், பெரியவர்கள் யாரும் அதை எடுப்பதில்லை. எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லிவைத்ததும் இல்லை.

டீச்சர் அதைக் கரையில்தான் போட்டிருப்பார். காலையில் பிள்ளைகள் வரும் முன்பே சேலைக்கு மேல் மாட்டி, வார்களை எல்லாம் இறுக்கி, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டார் என்றால், கடைசிப் பிள்ளையை அதன் வீட்டார் கூட்டிக்கொண்டு போகும் வரை கழற்ற மாட்டார். வருகை எடுப்பதும் அதோடுதான், தயிர்சாதம் பரிமாறுவதும் அதோடுதான். ஒரு நாள் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிவிட்டார். "என்ன டீச்சர், மழை கிழை வருமா?" என்று கண்டக்டர் கேட்டதை மறுநாள் அவரே எங்களிடம் சொல்லி, ஜாக்கெட் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இளம்பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் முகாமின் தலைவி அவர். ஆனால் தண்ணீர் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். அதை அவர் ஒளித்ததே இல்லை. ஊர் ஆழ்வார்திருநகரி. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தும் நீச்சல் தெரியாது. "ஆத்துலயே நான் படியில உக்காந்து செம்புல மோந்துதான் குளிப்பேன், ஒங்க கடல்ல எறங்குவனா?" என்பார். அவருடைய வீட்டுக்காரருக்கு அங்கே கருப்பட்டிக் கடை. ஒரே மகன் பம்பாயில் வேலையாக இருக்கிறான் என்று சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்டவர் எப்படி இந்த முகாமுக்கு வந்தார் என்று கேட்காதவர்கள் இல்லை. நடந்தது சாதாரணமான விஷயம்தான். எங்கோ சும்மா கிடந்த சின்னப் பாய்ப்படகுகள் சில மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தன. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு முகாம் நடத்த ஒரு ஆசிரியர் வேண்டும் என்று விளையாட்டு ஆசிரியர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சருக்குக் கோபம் வந்து, "சரி, நான் செய்யுதேன்" என்று எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் தனக்குக் கடல் தெரியாது என்ற ஞாபகம் வந்ததாம். நான் கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய்ப்படகு ஓட்டியவள் என்று யாரோ சொல்லி, விலாசம் விசாரித்து எங்கள் வீட்டுக்கே வந்தார். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு இழுவைக் கப்பலில் வேலைக்குப் போயிருந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டு டீச்சர் நேரே விஷயத்துக்கு வந்தார். "எனக்குத் தண்ணியும் தெரியாது, பாயும் தெரியாது. புள்ளைகளக் கடல்ல நீ பாத்துக்கோ. கரையில நான் பாத்துக்கிடுதேன்." எனக்கும் வீட்டில் இருந்து இருந்து அலுத்துப்போயிருந்தது. சரி என்றேன்.

மே மாதம் எங்கள் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் தோளோடு தோள் உரசிக்கொண்டு துறையில் கட்டிக் கிடக்கும். கடல் காலியாக இருக்கும் என்பதால் முகாமுக்கு அந்த மாதத்தை விட்டால் வேறு மாதம் இல்லை. ஆனால் கடல் காலி என்றால் கரை காலியாக இருக்காது. தொழில் இல்லாத ஆண்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பாய் சுருண்டால் ஒரு கருத்து, படகு திரும்பினால் ஒரு கருத்து. காலையில் காற்று மெதுவாக இருக்கும். வெயில் ஏற ஏற கச்சான் கிளம்பிவிடும். அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற மேல்காற்று, சின்னப் படகை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டு போகும். ஆகவே அதற்கு முன்பு பிள்ளைகளை எல்லாம் கரை சேர்த்துவிட வேண்டும். டீச்சருக்குக் காற்றின் பேர் எல்லாம் வாயில் நுழையாது. கொடிக்கம்பத்தில் தன் பழைய கைக்குட்டை ஒன்றைக் கட்டிவைத்து, அது படபடக்க ஆரம்பித்ததும் விசிலை ஊதுவார்.

முதல் வருஷம் முதல் நாளே ஒரு தகராறு வந்தது. அது தட்டில் தொடங்கியது. மதியம் சாப்பிட்டுவிட்டு அவரவர் தட்டை அவரவர் கழுவி வைக்க வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். டவுன் பிள்ளைகள் கழுவிய தட்டையும் டம்ளரையும் பெஞ்சில் கவிழ்த்து வைத்தார்கள். கடற்கரைப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்கள். மண் பறந்து தட்டில் ஒட்டுவதைப் பார்த்த டீச்சர், "ஏலே, என்னல இது? தட்டக் கவுத்தி வைங்கல!" என்று சத்தம் போட்டார். ஒரு பிள்ளையும் அசையவில்லை. நான்தான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். எங்கள் வீடுகளில் ஆண்கள் கடலில் இருக்கும்போது எதையும் கவிழ்த்து வைக்க மாட்டோம், அங்கே படகு கவிழ்ந்துவிடும் என்று பயம். குடம், சட்டி, டம்ளர் எல்லாம் சுவரில் சாய்த்துத்தான் இருக்கும். அந்த வார்த்தையைக்கூட அம்மா சொல்ல மாட்டாள், 'சாத்தி வை' என்பாள். சின்ன வயதில் மணலில் விளையாடும்போது சிரட்டையைக் கவிழ்த்ததற்கு முதுகில் அடி வாங்கியவள் நான். டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பிடியா?" என்றார். பிறகு தட்டுகளுக்கு மேல் ஒரு துணியை விரித்துப் போட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஏனென்றால் பாய்ப்படகு கற்றுக்கொடுக்கிற எந்த இடத்திலும் முதல் பாடம் படகைக் கவிழ்ப்பது. ஆழமில்லாத தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, பாய்க்கு அடியிலிருந்து வெளியே வந்து, சுற்றி நீந்திப்போய், அடியில் துருத்திக்கொண்டிருக்கும் பலகையின் மேல் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். மெள்ள மெள்ளப் பாய்மரம் தண்ணீரை விட்டு எழும். இதைச் செய்யத் தெரிந்துவிட்டால் பிறகு கடலில் பயமில்லை. முகாம் தொடங்கும் முன்பே டீச்சர் என்னிடம், "தற்செயலா கவுந்துட்டா என்ன செய்ய?" என்று கேட்டிருந்தார். நான் இதை விளக்கினேன். "அப்போ அதத்தான் மொதல்ல படிக்கணும். கவுத்து நிமித்தத் தெரியாத புள்ளைய நான் தனியா அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பயந்தவர் போட்ட சட்டம் அது. பயப்படாதவர்கள் போட்ட சட்டத்தையாவது கெஞ்சிக் கூத்தாடி வளைத்துவிடலாம். இதை ஒன்றும் செய்ய முடியாது.

டவுன் பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டு கவிழ்த்தார்கள். கடற்கரைப் பிள்ளைகள் நீச்சலில் புலிகள், ஆனாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நான் முன்னால் நின்று செய்து காட்டியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். கல்லூரியில், வேறு ஊர்க் கடலில், வீட்டுக்குத் தெரியாமல் எத்தனையோ முறை கவிழ்த்தவள்தான் நான். ஆனால் சொந்தக் கரையில், என் வீட்டுக்காரர் கடலில் இருக்க, மாமன் மச்சான் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்க, எனக்குக் கை வரவில்லை. நானும் அந்தக் கரைக்காரிதானே.

பிள்ளைகளில் ஒருத்தி தருவைகுளத்துப் பெண். ஒன்பதாம் வகுப்பு. காற்று எங்கே இருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். கன்னத்தில் படுவதை வைத்துச் சொல்கிறாள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சுக்கானைக் கையில் கொடுத்தால் படகு அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். முகாமின் கடைசி நாள் ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் படகை ஓட்டிக்கொண்டுபோய், வெளியே மிதக்கும் மிதவையைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அதில் நன்றாகச் செய்பவர்களைச் சென்னையில் நடக்கும் பெரிய பயிற்சிக்கு அனுப்புவதாகப் பேச்சு. இவள் அந்த ஒரு நாளுக்காகவே உயிரை வைத்திருந்தாள். ஒரு முறை என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எங்கப்பா போட்டு எம்புட்டுப் பெருசு தெரியுமா? ஆனா அதுல என்னைய ஏத்தவே மாட்டாங்க. பொம்பளப் புள்ள ஏறக் கூடாதாம். எனக்குன்னு ஏற இது ஒண்ணுதான் இருக்கு."

அவளுடைய அப்பா தினமும் மகளைப் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அங்கேயே நின்று பார்ப்பார். தடைக்காலமாச்சே, வேறு வேலை என்ன. கவிழ்க்கும் பாடம் என்று தெரிந்ததும் நேரே டீச்சரிடம் வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"டீச்சர், எம் மூத்தவன் கொச்சிப் பக்கம் ஒரு போட்டுல கெடக்கான். இங்கன தடைன்னு அங்கன தொழிலுக்குப் போயிருக்கான். அண்ணங்காரன் கடல்ல கெடக்கும்போது தங்கச்சிக்காரி இங்கன போட்டக் கவுத்து வெளாடுவாளா? நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு அவளத்தான் சொல்லும். காலம் பூரா சொல்லும்."

"கவுத்து நிமித்தாம நான் தனியா விட மாட்டேன் அண்ணாச்சி. ஒங்க புள்ள உசுருக்கு நான்தான பொறுப்பு."

"அப்போ விடாண்டாம். இருந்த வரைக்கும் போதும். எம் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்."

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். அந்தப் பெண் இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது. சென்னைப் பயிற்சி, மிதவை, கடைசி நாள் எல்லாம் அந்த நிமிஷத்தில் அவள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டார்.

"கவுக்கதுதான ஆகாது? நிமித்தலாமா?"

"இதென்ன கேள்வி? கவுந்து கெடக்க போட்ட நிமித்தாமப் போறவன் மனுசனா?"

"அப்போ வேற ஒரு ஆளு கவுத்து, ஒங்க புள்ள நிமித்துனா?"

அவர் யோசித்தார். பக்கத்தில் நின்றவர்களும் யோசித்தார்கள். "அதுல குத்தமில்ல. ஆனா கடல்ல ஆளு உள்ளவங்க யாரும் கவுக்கக் கூடாது" என்றார். என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளையும் கவுக்கப்பிடாது. அவ வீட்டுக்காரனும் கப்பல்லதான கெடக்கான். கடல்ல ஆளில்லாத வீடு எங்க கரையில ஏது?"

டீச்சர் கடல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். தண்ணீரில் இறங்கத் தைரியம் சேர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"எங்க வீட்டுல கருப்பட்டிதான் விக்காங்க. எனக்குக் கடல்ல யாருமில்ல. நான் கவுக்கேன்."

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நூலால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, டீச்சர் முதல்முறையாகக் கடலில் இறங்கினார். ஒவ்வொரு எட்டுக்கும் என் தோளை நகம் பதியப் பிடித்தார். படகில் ஏற்றிவிட்டதும் அது ஆடிய ஆட்டத்தில் அவர் முகம் வெளுத்துவிட்டது. கரையில் யாரோ சிரித்தார்கள், யாரோ அவர்களை அதட்டினார்கள். அந்தப் பெண் எதிர்ப் பக்கம் உட்கார்ந்தாள். கொஞ்சம் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், "இப்போ சாஞ்சிருங்க டீச்சர், அவ்வளவுதான்" என்றேன். "நாராயணா" என்று சொன்னது கேட்டது. விளிம்பில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். படகு ஒரு பக்கமாக எழுந்து அவர்கள் தலைக்கு மேலாகக் கவிழ்ந்தது.

லைஃப் ஜாக்கெட் அவரை உடனே மேலே கொண்டுவந்துவிட்டது. இருமி, உப்புத் தண்ணீரைத் துப்பி, கண்ணாடி நெற்றிக்கு ஏறி, கொண்டை அவிழ்ந்து, பார்க்கப் பரிதாபமாக இருந்தார். ஆபத்துக்கென்று பக்கத்திலேயே நிறுத்தியிருந்த எஞ்சின் வைத்த காப்புப் படகில் ஏறிக் கையை நீட்டினேன். நீந்தத் தெரியாதவர், நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார்.

"மொதல்ல போட் நிமிரட்டும்."

அந்தப் பெண் பலகை மேல் ஏறிச் சாய்ந்தாள். எடை போதவில்லை, பாய் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது. வழுக்கி விழுந்தாள், மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். கொடிக்கம்பத்தில் டீச்சரின் கைக்குட்டை லேசாக அசைய ஆரம்பித்தது. டீச்சருக்கு உதடு நடுங்கியது. "ஏறுங்க டீச்சர், அவ பாத்துக்கிடுவா" என்று கெஞ்சினேன். அசையவில்லை. ஒரு கையால் காப்புப் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்த படகையே பார்த்துக்கொண்டு மிதந்தார். கரையிலிருந்து அந்த அப்பா கட்டிய கையை அவிழ்த்து, "காத்துப் பக்கம் போயி ஏறுளா! காத்துப் பக்கம்!" என்று கத்தினார். அவள் சுற்றிப் போய் ஏறினாள். காற்று பாய்க்கு அடியில் புகுந்து தூக்கிக்கொடுத்தது. பாய்மரம் தண்ணீரை வடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அப்போதுதான் டீச்சர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அன்றைக்கு எல்லாக் கடற்கரைப் பிள்ளைகளுக்கும் அவரே கவிழ்த்தார். ஒவ்வொரு முறையும் அதே நாராயணா, அதே இருமல், அதே பிடிவாதம். கடைசி நாள் தருவைகுளத்துப் பெண் மிதவையைச் சுற்றிவிட்டு வந்தாள். முதலாவதாக வரவில்லை, வழியில் ஒரு தடவை பாயை விட்டுவிட்டாள். ஆனால் சென்னைக்குப் போனாள். அவளுடைய அப்பா அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். இன்று அவள் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மே மாதம் விடுப்புப் போட்டுவிட்டு வந்து எங்கள் காப்புப் படகை ஓட்டுகிறாள். கவிழ்ப்பது மட்டும் டீச்சரின் வேலை என்று ஆகிவிட்டது. பணி ஓய்வு பெற்ற பிறகும் மே மாதம் பிறந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவார், ஆணியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து மாட்டுவார். இத்தனை வருஷம் கவிழ்த்தும் அவர் நீந்தக் கற்றுக்கொள்ளவில்லை. படகு நிமிரும் முன்பு தண்ணீரை விட்டு ஏறியதும் இல்லை. பிள்ளை பாடத்தை அரைகுறையாக விட்டுவிடக் கூடாது என்பதற்காக நிற்கிறார் என்று நானே புது ஆட்களுக்கு விளக்கம் சொல்வேன். கண்டிப்பான டீச்சர்தானே, அப்படித்தான் இருப்பார்.

இந்த வருஷம் பங்குனியில் டீச்சருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. பார்க்க ஆழ்வார்திருநகரிக்குப் போயிருந்தேன். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. எப்போதும் அவர்தான் எங்கள் பக்கம் வருவார். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முகாமைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தார். பாய்கள் தைத்தாயிற்றா, காப்புப் படகு எஞ்சினைப் பார்த்தாயிற்றா, தயிர்சாதத்துக்கு யார். "இந்த வருசம் இரும்புக் காலு, கடல்ல எறங்கினா துரு பிடிச்சிரும்" என்று காலைத் தட்டிச் சிரித்தார். காப்பி போட ஆளில்லை என்று வருத்தப்பட்டார். நான் போட்டுக்கொள்கிறேன் என்று அடுக்களைக்குப் போனேன்.

அடுக்களை மேடையில் கழுவிய பாத்திரங்கள் இருந்தன. டம்ளர்கள், தட்டுகள், ஒரு பால் சட்டி, இரண்டு செம்பு. ஒன்றுகூடக் கவிழ்ந்திருக்கவில்லை. எல்லாம் சுவரோடு வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தது. மேலே ஒரு மெல்லிய துணி. எங்கள் அம்மா வீட்டு அடுக்களை மாதிரியே இருந்தது. ஆற்றங்கரை ஊரில், கருப்பட்டிக் கடைக்காரர் வீட்டில் இது எதற்கு? ஒரு டம்ளரை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த மாதிரியே சாய்த்து வைத்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

காப்பியோடு வந்து கேட்டேன். டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு, "பயலு கப்பல்ல இருக்கான்ல" என்றார். கடைக்குப் போயிருக்கான் என்பது போலச் சொன்னார்.

"பம்பாய்ல வேலைன்னுதான சொன்னீங்க?"

"கம்பெனி ஆபீஸ் பம்பாய்லதான இருக்கு? பொய்யா சொன்னேன்?"

"எப்பேர்ந்து டீச்சர்?"

"நீயும் நானும் முகாம் தொடங்குததுக்கு முந்தின வருசமே ஏறிட்டான். சரக்குக் கப்பலு. கடலப் பத்திப் பேசவே எனக்குப் பயம், அதனால ஒருத்தர்ட்டயும் சொல்லிக்கிட மாட்டேன். கடலு என்னதான் செய்யுதுன்னு பக்கத்துல போயி பாத்துருவோமேன்னுதான் அந்தக் கூட்டத்துல எந்திரிச்சேன்னும் வச்சுக்கோ."

"அப்போ அன்னிக்குக் கரையில நின்னு, கடல்ல யாருமில்லன்னு சொன்னது?"

"அதுதான் பொய்" என்றார். காப்பியைக் கீழே வைத்தார். "அந்தப் புள்ள மொகத்தப் பாத்தியா நீ? வேற என்னத்தச் சொல்ல? அவ அப்பங்காரரு நம்புறாரு, அவருக்கு வலிக்கும். எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்லன்னு நெனச்சுத்தான் எறங்கினேன். கவுத்ததுக்குப் பொறவு தண்ணிக்குள்ள நின்னு பாக்கேன், போட்டு மல்லாந்து கெடக்கு. எம் பயலு எந்தக் கடல்ல எப்பிடிக் கெடக்கானோன்னு ஈரக்குலை நடுங்கிட்டு. அது நிமிருததக் கண்ணால பாக்காம எப்பிடிளா நான் கரையேற? கவுத்தவ நான்தான?"

அத்தனை வருஷமும் அவர் தண்ணீரில் விறைத்துப்போய் மிதந்தது என் கண் முன்னால் வந்தது. நான் நீட்டிய கையைத் தள்ளிவிட்டது, பாய்மரம் எழும் வரை இமைக்காமல் பார்த்தது, எல்லாம். அதற்குத்தான் நான் கண்டிப்பு என்று பேர் வைத்திருந்தேன். அவரோ என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "அங்கன வந்து முழு போட்டையே கவுத்துவேன். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளரக் கவுத்த மாட்டேன். என்ன கணக்கோ! எங்க வீட்டுக்காரரு கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டாரு." மகன் இப்போது நல்ல நிலையில் இருக்கிறான், ஆப்பிரிக்கா பக்கம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறான் என்றார். புறப்படும்போது, இந்த வருஷம் யார் கவிழ்ப்பது என்று கேட்டேன். முதல் நாள் எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுச் சொன்னதையே சொன்னார். "கடல்ல நீ பாத்துக்கோ."

என் வீட்டுக்காரரிடம் போனில் இதைப் பேசினேன். அவர் இன்னும் அதே வளைகுடாவில், அதைவிடப் பெரிய இழுவைக் கப்பலில் இருக்கிறார். "கடல்ல ஆளில்லாத எவனாச்சும் பேங்க்காரனப் புடிச்சு எறக்கி விடேன்" என்றார் முதலில். டீச்சர் கதையைச் சொன்னேன். அவரும் எங்கள் கரையில் பிறந்தவர்தான், அவருடைய அம்மாவும் சட்டியைச் சாத்தி வைத்தவள்தான். கடைசியில் சொன்னார்: "சரி, கவுத்துக்கோ. நிமித்திட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு."

இந்த மே மாதம் கவிழ்க்கும் பாடத்துக்கு முன்னால் கொட்டகைக்குப் போய், வலது கைப்பக்க ஆணியிலிருந்து அந்த ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன். வார்கள் டீச்சரின் அளவுக்கு இறுகியிருந்தன, கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. அதோடு கரைக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தருவைகுளத்துப் பெண் காப்புப் படகிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, மச்சான் கப்பல்லதான இருக்காங்க?"

"ஆமா."

முதல் படகில் இருந்தது ஆலந்தலையிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், ஒரு தெற்றுப்பல்காரி. அவளுக்கும் வீட்டில் கடலில் ஆள் உண்டு. எதிர்ப் பக்கம் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். எத்தனையோ முறை கவிழ்த்த கைதான். ஆனால் தண்ணீருக்கு மேலே வந்து, அந்தப் படகு வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததும் எனக்கும் ஈரக்குலை நடுங்கியது. தெற்றுப்பல்காரி பலகை மேல் ஏறினாள், வழுக்கினாள், மறுபடி ஏறினாள். தருவைகுளத்துப் பெண் காப்புப் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து கையை நீட்டினாள். "ஏறுங்கக்கா, அவ பாத்துக்கிடுவா."

"மொதல்ல போட் நிமிரட்டும்" என்றேன்.

நிமிர நேரமானது. நிமிர்ந்தது. கரைக்கு வந்து ஈரக் கையைத் துடைத்துவிட்டு, 'நிமிந்துட்டு' என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பினேன். தண்ணீர் சொட்டச் சொட்டக் கொட்டகைக்குள் போய், ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டலாம் என்று வாரைத் தளர்த்தினேன். வெளியே மற்ற கடற்கரைப் பிள்ளைகள் தங்கள் முறைக்காக வரிசையில் நின்றார்கள். வாரை மறுபடி இறுக்கிக்கொண்டு திரும்பினேன்.